சைக்கிளின் ஆயுளும் சூழலின் நலனும்

புகை கக்காத வாகனம் எது என்று கேட்டால் ஆறாம் தரத்துப் பிள்ளையும் சைக்கிள் என்று சொல்லும். விடை சரிதான். ஆனால் வண்டி ஓடும்போது மட்டுமே அது முழுமையாகச் சரி. கடையில் தொங்கவிட்டிருக்கும் புதுச் சைக்கிள் நம் கைக்கு வருவதற்கு முன்பே சுரங்கம், உலை, இறப்பர் தொழிற்சாலை, கப்பல் என்று நெடுந்தூரம் கடந்து வந்திருக்கிறது. அந்தத் தூரம் முழுவதும் எரிபொருள் எரிந்திருக்கிறது. ஆகவே ஒரு சைக்கிள் சூழலுக்கு எவ்வளவு உகந்தது என்பதை, அதை எத்தனை காலம் ஓட்டினோம் என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் உலோகத்தைப் பார்ப்போம். இன்று வரும் சைக்கிள்கள் பலவற்றின் பிரேம் அலுமினியத்தால் ஆனது. பொக்சைற்றுத் தாதிலிருந்து பெறும் அலுமினாவை மின்பகுப்புச் செய்தே அலுமினியம் எடுக்கிறார்கள். ஒரு கிலோகிராம் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 14 அலகு மின்சாரம் செலவாகிறது. மாதம் 90 அலகு பாவிக்கும் ஒரு வீட்டுக்கு அது நான்கைந்து நாட்களுக்கான மின்சாரம். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் பாதிப்பு இன்னும் பெரிது. பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த இதில் ஐந்து சதவீத அளவு சக்தியே போதும். உருக்குப் பிரேம் பாரமானது, துருவும் பிடிக்கும். ஆனால் உடைந்தால் ஊரிலுள்ள வெல்டிங் கடையிலேயே ஒட்டிவிடலாம். விலை உயர்ந்த பந்தயச் சைக்கிள்களில் வரும் காபன் நார் இவை இரண்டுக்கும் நேர்மாறு. இறகு போல் எடை குறைந்தது. பழுதானால் திருத்தவும் கடினம், மீள்சுழற்சி செய்வது அதைவிடக் கடினம்.

அடுத்தது இறப்பர். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லொப் காற்றடைத்த டயரைச் செய்து காட்டிய பிறகுதான் உலகம் இறப்பருக்காக அலையத் தொடங்கியது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே, 1876இல், நமது கம்பஹாவின் ஹெனரத்கொடப் பூங்காவில் இறப்பர் கன்றுகள் நடப்பட்டிருந்தன என்பதை இங்கே சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது. ஆயினும் இன்று டயருக்குள் இருக்கும் டியூப் பெரும்பாலும் மரத்துப் பாலால் ஆனதல்ல. அது பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் பியூட்டைல் இறப்பர். மண்ணில் எறிந்தால் நம் காலத்தில் உக்காது.

இவை எல்லாவற்றையும் கூட்டினால் எவ்வளவு வரும்? அமெரிக்காவின் ட்ரெக் நிறுவனம் 2021இல் தன் சைக்கிள்களின் காபன் கணக்கை வெளியிட்டது. ஒரு சைக்கிளுக்குச் சராசரியாக 174 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயுக்கள் வெளியாவதாகவும், பற்றரி பூட்டிய மலைச் சைக்கிள் ஒன்றுக்கு அது 229 கிலோகிராம் ஆவதாகவும் அதில் கண்டிருந்தது. காரில் செல்லும் பயணத்தை விட்டுச் சைக்கிளில் 430 மைல், அதாவது சுமார் 690 கிலோமீற்றர் ஓடினால் அந்தக் கடன் தீர்ந்துவிடும் என்பது அவர்களின் கணக்கு. பாடசாலைக்குப் போக மூன்று, வர மூன்று என்று நாளுக்கு ஆறு கிலோமீற்றர் ஓடும் மாணவிக்கு 115 பாடசாலை நாட்கள் போதும்.

இந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது. நாம் வாங்கும் சாதாரணச் சைக்கிள் அவர்கள் செய்வதைப் போன்றதல்ல. அதைவிட முக்கியமானது வேறொன்று. கார், முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றின் ஓட்டத்தைக் குறைத்தால்தான் சைக்கிளால் இலாபம் வரும். ஆசைக்கு வாங்கி முன்றலில் சாத்தி வைத்த சைக்கிள், அந்த 174 கிலோகிராமில் ஒரு கிராமையும் திருப்பித் தராது.

சாத்தி வைத்த சைக்கிள்களுக்குப் பெரிய உதாரணம் சீனாவில் உண்டு. ஓஃபோ, மொபைக் முதலிய நிறுவனங்கள் கைத்தொலைபேசியால் பூட்டுத் திறக்கும் வாடகைச் சைக்கிள்களை இலட்சக்கணக்கில் நகரங்களில் இறக்கின. சூழலைக் காக்கும் புதுமை என்று உலகமே புகழ்ந்தது. ஒன்றையொன்று முந்துவதற்காகத் தேவைக்கு மேல் செய்து குவித்தார்கள். 2017, 2018ஆம் ஆண்டுகளில் சியாமென் போன்ற நகரங்களில் மஞ்சளும் செம்மஞ்சளும் நீலமுமாகச் சைக்கிள்கள் மலைபோல் கிடந்த படங்கள் வெளிவந்தன. 2018இன் இறுதியில் ஓஃபோவில் கட்டிய வைப்புப் பணத்தைத் திரும்பக் கேட்டோர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது. அந்த மலையில் கிடந்தவற்றில் பல ஓடக்கூடியவை. சொந்தக்காரன் இல்லாத பொருளுக்கு எண்ணெய் விடுவார் யாருமில்லை.

தொழில்துறை செய்ய வேண்டியது என்ன என்பதற்கு நல்ல உதாரணங்களும் இல்லாமல் இல்லை. ஜேர்மனியின் ஷ்வால்பே டயர் நிறுவனம் 2015 முதல் பழைய டியூப்களைக் கடைகள் மூலம் திரட்டிப் புதிய டியூப் செய்யச் சேர்த்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பற்றரிச் சட்டத்தின்படி, 2027 முதல் மின்சைக்கிளின் பற்றரியை வெளியிலுள்ள திருத்துநரும் கழற்றி மாற்றக்கூடியதாகச் செய்ய வேண்டும். பற்றரி போனால் முழுவண்டியும் போனது என்ற நிலை இதனால் குறையும். பிரான்ஸ் அரசு 2020இல் ஊரடங்கு தளர்ந்தபோது, வீட்டில் கிடந்த சைக்கிளைத் திருத்துவதற்கு 50 யூரோ வரை கொடுத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் அத்திட்டத்தில் மீண்டும் வீதிக்கு வந்தன. புதுச் சைக்கிளுக்கு மானியம் கொடுப்பதை விட இது புத்திசாலித்தனமான செலவு என்பேன்.

இலங்கையோடு தொடர்புடைய உதாரணம் ஒன்றும் இருக்கிறது. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் இங்கு வந்த அமெரிக்கத் தம்பதியர் 2005இல் வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கணவர் எப்.கே. டே, சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அவ்வமைப்பு இலங்கையில் 24,000க்கும் அதிகமான சைக்கிள்களைப் பாதிக்கப்பட்டோருக்கு வழங்கியது. பின்னர் ஆபிரிக்காவின் கிராமங்களுக்கென்று ‘பஃபலோ’ என்ற சைக்கிளை வடிவமைத்தார்கள். உருக்கால் ஆனது, 100 கிலோகிராம் சுமக்கும். நாகரிகமான வண்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சைக்கிள் கொடுத்ததோடு நில்லாமல் அந்தந்த ஊரில் திருத்துநர்களைப் பயிற்றுவித்து, உதிரிப்பாகமும் கிடைக்கச் செய்தார்கள். பெற்றவர்களில் பெருந்தொகையினர் தூரத்துப் பாடசாலைக்கு நடந்து சென்ற பெண் பிள்ளைகள்.

பந்தய உலகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீரர்கள் ஓட்டும் சைக்கிளை விட அவர்களைத் தொடரும் கார்களும் விமானப் பயணங்களுமே அங்கு பெரிய சுமை. 2021இல் சர்வதேசச் சைக்கிளோட்டச் சம்மேளனம் குப்பையைத் தடுக்க, குறித்த இடங்களுக்கு வெளியே போத்தல் எறியக் கூடாது என்று விதி செய்தது. சில நாட்களிலேயே, பார்வையாளர்களை நோக்கிப் போத்தலை எறிந்த சுவிட்சர்லாந்து வீரர் மைக்கல் ஷார் பந்தயத்திலிருந்து நீக்கப்பட்டார். சிறுவயதில் ஒரு வீரர் தந்த போத்தலே தன்னை இந்த விளையாட்டுக்கு இழுத்தது என்று அவர் பிறகு எழுதினார். கார்களை விட்டுவிட்டுப் போத்தலைப் பிடித்த கதைதான் இது.

நம் பக்கம் வருவோம். 2022 ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவானபோது, அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் இரவு கழித்தபோது, வீட்டுக்கு வீடு பழைய சைக்கிளைத் தேடினோம். புதுச் சைக்கிளின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த நாட்களில் நம்மைக் காப்பாற்றியது சந்தி மூலையில் ஒட்டுப்போடும் சைக்கிள் கடைக்காரர்தான். ஆயினும் அந்தத் தொழிலைத் தன் மகன் கற்க வேண்டும் என்று நினைக்கும் வாப்பா அரிது. கறுத்த கைகளைப் பார்த்து நாம் வைத்திருக்கும் மதிப்பு அவ்வளவுதான். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தமது செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள், ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் பாடமாக்கி ஒப்புவிக்கிறோம். டியூப் ஒட்டுவதும் அந்த வகையிலான வேலைதான். அதைப் பெண் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தம்பி வரும்வரை சைக்கிள் காற்றில்லாமல் நிற்கும். நின்ற சைக்கிள் துருப்பிடிக்கும். பிறகு பழைய இரும்புக்காரரிடம் போகும்.

காத்தான்குடி, சாய்ந்தமருது, கிண்ணியா போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்கிறது. அங்கு முதலில் கெடுவது சங்கிலி. வாரம் ஒருமுறை பழந்துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்தெடுக்க வேண்டும். தையல் மெசினுக்கு விடும் எண்ணெயும் பரவாயில்லை, ஆனால் அடிக்கடி விட வேண்டியிருக்கும். சமையல் எண்ணெய் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். மோட்டார் சைக்கிளில் கழித்த எண்ணெயில் உலோகத் தூளும் நஞ்சும் இருப்பதால் அது சங்கிலிக்கும் ஆகாது, சொட்டும் மண்ணுக்கும் ஆகாது.

சங்கிலி தேய்ந்துவிட்டதா என்று அறிய, அங்குலம் குறித்த ஓர் அளவுநாடா போதும். தையற்பெட்டியில் இருப்பது துணிநாடா. அது இழுபடும், ஆகவே தச்சர் பாவிக்கும் உலோக நாடாவே நல்லது. சைக்கிள் சங்கிலியில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையில் அரை அங்குலம். ஆகவே ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்து 24 இடைவெளிகளை எண்ணினால், அங்குள்ள ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். இரும்பு இழுபடுவதில்லை, ஆணியும் அதைச் சுற்றிய துளையும் தேய்வதால் ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடைவெளி கூடி, மொத்தச் சங்கிலியும் நீள்கிறது. ஆணி 12 அங்குலத்தைத் தாண்டிப் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் புதுச் சங்கிலிக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம். எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் அது முன்பின் பற்சில்லுகளையும் தின்னத் தொடங்கியிருக்கும். பற்கள் சுறாவின் துடுப்பைப் போல் ஒருபக்கம் சாய்ந்து கூராகிவிட்டால் புதுச் சங்கிலி அதில் நிற்காது, மிதிக்கும்போது வழுக்கும். அப்போது ஒரு சங்கிலியின் விலையோடு முடிய வேண்டிய செலவு மூன்று பாகங்களின் விலையாகிவிடும்.