காணக் கற்றல்

கருவியின் விசையை அழுத்தினால் படம் பதியும். அதற்கும் ஒரு பட்டப் படிப்பு வேண்டுமோ எனச் சிலர் வினவுவர். அன்னார்க்கு விடையாக விளங்குவது அன்-மை லே என்னும் அம்மையாரின் வாழ்க்கை.

இவர் 1960-ஆம் ஆண்டு வியட்நாமின் சைகோன் நகரில் பிறந்தார். போர் முடிவுற்ற 1975-இல் அகதியாய் நாடு நீங்கி, அமெரிக்காவை அடைந்தார். ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்று முதுநிலைப் பட்டமும் பெற்றார். ஆயினும், அவர் உள்ளம் நிழற்படக் கலையையே நாடியது. கைவந்த கல்வியை விடுத்து மீண்டும் மாணவியாதல் எளிதோ? அவர் துணிந்தார்; யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1993-இல் நுண்கலையில் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

இத்தகைய வகுப்பில் மாணாக்கர் தம் படங்களைச் சுவரில் வைப்பர். ஆசிரியரும் உடன் பயில்வோரும் அவற்றின் குணமும் குற்றமும் ஆராய்வர். எவ்வாறு எடுத்தாய் என்பதினும், ஏன் எடுத்தாய் என்பதே அங்குப் பெருவினா.

அவ்வினாவுக்கு விடை தேடுவார்போல், 1994-இல் அம்மையார் தாம் பிறந்த நாட்டுக்குச் சென்றார். பெரிய காமிராவை முக்காலியில் நிறுத்தி, இளமையில் பிரிந்த நிலத்தையும் மக்களையும் பொறுமையுடன் படம்பிடித்தார். 2012-இல் மக்கார்தர் நல்கை அவரை நாடி வந்தது.

மாணவர்களே, கருவி விலைக்குக் கிட்டும். காணும் கண்ணோ பயிற்சியாலன்றிக் கிட்டாது.