பறக்கும் வீரரும் வழுக்கும் வசனமும்



"ஆண்டு மலரில் சினிமாக் கட்டுரையா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹாஸ்டலில் நடக்கும் பெரிய விவாதமே இதுதானே! படத்தில் சூப்பர்ஹீரோ மாடி உச்சியில் நின்று ஒரு வசனம் பேசுவார். உடனே மூலையிலிருந்து "போதும்டா சாமி!" என்று ஒரு குரல் வரும். எல்லோருக்கும் உடம்பு கூசும்.

மனுஷன் வானத்தில் பறக்கிறார், அதை நம்பிவிட்டோம். வாயைத் திறந்து பேசினால் மட்டும் ஏன் நெளிகிறோம்? விடை தேடிப் பார்ப்போம்.

1. வசனமும் ஒரு பாரமே!

மெக்கானிக்ஸ் பாடத்தில் முதலில் படிப்பது என்ன? உத்தரத்தின் மேல் பாரம் ஏற்றினால் அதைத் தூண் தாங்க வேண்டும், தூணை அஸ்திவாரம் தாங்க வேண்டும், அஸ்திவாரத்தை மண் தாங்க வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் எல்லாம் கீழே வந்துவிடும்.

பெரிய வசனமும் அப்படித்தான். அதைத் தாங்குவதற்கு வீரரின் பயம், இழப்பு, அவர் செய்த காரியம் இவற்றில் ஏதாவது அடியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது அந்தரத்தில் தொங்கும் பாரம்.

உலகமே சொல்லிச் சிரிக்கும் உதாரணம் 1997-ல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்'. அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் இதில் மிஸ்டர் ஃப்ரீஸ் என்னும் வில்லன். வாயைத் திறந்தாலே குளிர், ஐஸ், உறைதல் என்று சிலேடைதான். இத்தனைக்கும் அந்தப் பாத்திரத்துக்கு நல்ல அஸ்திவாரம் இருக்கிறது. நோயாளி மனைவியை உறைநிலையில் வைத்துக்கொண்டு மருந்து தேடி அலையும் விஞ்ஞானி அவர். அந்தத் துக்கத்தின் மேல் கட்டாமல் சிலேடையின் மேல் கட்டினார்கள். பேட்மேனாக நடித்த ஜார்ஜ் க்ளூனி அந்தப் படத்துக்காகப் பிற்பாடு பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அடுத்த பேட்மேன் படம் திரைக்கு வர 2005 ஆகிவிட்டது.

2. நம் ஊர் வீரர்கள்

தமிழிலும் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. 2009-ல் சுசி கணேசன் இயக்கத்தில் விக்ரம் நடித்த 'கந்தசாமி'. திருப்போரூர் முருகன் கோயிலில் ஏழை ஜனங்கள் தங்கள் குறையைச் சீட்டில் எழுதிக் கட்டுவார்கள். அதை ஒருவர் தீர்த்துவைப்பார். அருமையான கரு. சீட்டு எழுதுகிறவரின் கஷ்டம் நமக்குத் தெரியும், நம் தெருவிலும் உண்டு. ஆனால் தீர்க்க வருகிறவர் சேவல் வேஷத்தில் சேவல் மாதிரியே ஆடிக்கொண்டு வருகிறார். அந்த இடத்தில் தியேட்டர் சிரித்தது. சீட்டின் பாரத்தை வேஷம் தாங்கவில்லை.

2012-ல் மிஷ்கின் இயக்கிய 'முகமூடி'யில் ஜீவாவுக்கு மந்திர சக்தி கிடையாது, குங்ஃபூ மட்டும்தான். சாதாரண உடையில் சண்டை போடும்போது நம்புகிறோம். முகமூடி மாட்டியதும் நடையும் பேச்சும் கனத்துவிடுகிறது. உடையை வெளிநாட்டு அளவில் தைத்தாயிற்று. அதற்குள் இருக்கும் நம்ம ஊர்ப் பையன் எப்படிப் பேசுவான் என்பதை யோசிக்கவில்லை.

2019-ல் பி.எஸ்.மித்ரன் இயக்கிய 'ஹீரோ' நம்மைப் போன்றவர்களின் கதை. மார்க்கை மட்டும் பார்க்கும் படிப்பு எத்தனை கண்டுபிடிப்பாளர்களை நசுக்குகிறது என்று கேட்கிறது. கேள்வி நியாயமானது. ஆனால் நாம் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டதையே பாத்திரங்கள் மறுபடி வாயால் பாடமாக நடத்துகின்றன. நெளிய வைப்பது கருத்து அல்ல, அதை இரண்டாம் தடவை சொல்வதுதான்.

3. டப்பிங் செய்யும் கோளாறு

இங்கிலீஷ் படம் தமிழ் பேசும்போது சிரிப்பு ஏன் கூடுகிறது? இதில் ஒரு டெக்னிக்கல் காரணம் உண்டு. முகத்தைக் கிட்டத்தில் காட்டும்போது நடிகரின் உதடு மூடித் திறந்தால், தமிழிலும் அங்கே 'ப', 'ம' போன்ற உதடு மூடும் எழுத்து விழ வேண்டும். வாக்கிய நீளமும் பொருந்த வேண்டும். மேலும் இங்கிலீஷில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும், தமிழில் கடைசியில் வரும். உதட்டுக்காக வாக்கியத்தைப் புரட்டிப் போட்டால் யாரும் பேசாத ஒரு தமிழ் பிறக்கிறது. நியூயார்க் வீரர் பாதி மேடைப் பேச்சும் பாதி சென்னைத் தமிழுமாகப் பேசுவது இதனால்தான். பாவம், டப்பிங் எழுதுகிறவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

4. கட்டியங்காரன் கற்றுத்தரும் பாடம்

"பெரிய வசனமே கூடாதா?" என்று கேட்பீர்கள். கூடும்! நம் தென்னார்க்காடு பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பின்னால் நின்று ராஜா தன் வீரத்தைப் பாடிவிட்டு வெளியே வருவார். கிரீடம், புஜக்கட்டை, அரிதாரம் என்று நம் ஊர் சூப்பர்ஹீரோ உடை அதுதான். அவர் பேசுவதும் ஆகாயத்துக்கும் பூமிக்கும்தான். யாராவது நெளிகிறோமா? இல்லை.

காரணம், பக்கத்தில் கட்டியங்காரன் நிற்கிறான். "நீ யாருய்யா? எந்த ஊரு? எதுக்கு இந்தக் குதி குதிக்கிற?" என்று நம்ம பாஷையில் கேட்கிறான். நம் மனசில் இருக்கும் கேள்வியை அவனே கேட்டுவிடுவதால் நாம் ராஜாவை நம்பத் தயாராகிவிடுகிறோம். சூப்பர்ஹீரோ படங்களில் பெரும்பாலும் ராஜா மட்டும் இருக்கிறார், கட்டியங்காரன் இல்லை. கோளாறு அங்கேதான்.

5. சரியாகச் செய்தவர்கள்

2023-ல் மடோன் அஸ்வின் இயக்கிய 'மாவீரன்' இந்த ரகசியத்தைப் பிடித்துக்கொண்டது. சிவகார்த்திகேயன் ஒரு பயந்தாங்கொள்ளி கார்ட்டூன் கலைஞர். அவர் காதில் மட்டும் விஜய் சேதுபதியின் குரல் வீர வசனம் சொல்கிறது. கேட்கும் கதாநாயகனே "ஐயோ, நம்மள விட்டுடு" என்கிற மாதிரி நடுங்குகிறார். ராஜா காதுக்குள், கட்டியங்காரன் வெளியே! அதே வசனம் கடைசியில் நம்மைச் சிலிர்க்க வைக்கிறது. இன்னொரு வேடிக்கை: 'முகமூடி'யை இயக்கிய மிஷ்கின்தான் இதில் வில்லன் மந்திரி.

2021 டிசம்பரில் வந்த மலையாளப் படம் 'மின்னல் முரளி'யும் அப்படியே. வீரர் ஒரு தையல்காரர், வில்லன் ஒரு டீக்கடைத் தொழிலாளி. கூத்துப்பட்டறையில் பயின்ற நம் குரு சோமசுந்தரம்தான் அந்த வில்லன். பல வருஷம் ஒருத்திக்காகக் காத்திருந்தவர் நாலு வார்த்தை பேசினாலே நெஞ்சு அடைக்கிறது. வார்த்தை சின்னது, அஸ்திவாரம் ஆழம்.

6. இதனால் நமக்கு என்ன?

'மாவீரன்' கதை நடப்பது ஏழைகளுக்குக் கட்டிய அடுக்குமாடியில். கைப்பிடி கையோடு வரும், சுவர் விரிசல் விடும், யோகி பாபு அதைப் பூசி மறைப்பார். இது வெறும் கற்பனை இல்லை. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில், தொட்டாலே பூச்சு உதிர்கிறது என்று ஜனங்கள் புகார் சொன்னார்கள். சென்னை ஐ.ஐ.டி.யிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா சித்தாள் வேலை பார்த்தவர். டி.வி.யில் அந்தப் படம் ஓடியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "வெடிப்ப அடைச்சா ஆச்சா தம்பி? ஏன் வெடிச்சுதுன்னு பாக்க வேணாமா?" ஒரு செமஸ்டர் பாடம் அந்தக் கேள்விக்குள் அடக்கம்!

செமினாரில் நாம் "சிமெண்டின் ஹைட்ரேஷன் வினையானது..." என்று மனப்பாடம் ஒப்பிக்கிறோம். சாதாரண சிமெண்ட் கான்கிரீட்டை ஏழு நாளாவது ஈரமாக வைக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. "தண்ணி நல்லா காட்டணும், இல்லாட்டி வெடிக்கும்" என்று கொத்தனார் சொல்வதும் அதையேதான். இரண்டும் தெரிந்தவர்தான் சைட்டில் நிற்க முடியும். இங்கிலீஷ் வார்த்தை மட்டும் தெரிந்தவர், சேவல் உடை போட்ட வீரர்!

நாளைக்கு அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் நாம். எனவே தோழர்களே, பெரிய வார்த்தை பேசும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வோம்:

அ) இதைத் தாங்க அடியில் என்ன இருக்கிறது?
ஆ) கண்ணால் தெரிவதையே வாயால் திரும்பச் சொல்கிறேனா?
இ) என் பக்கத்தில் கட்டியங்காரன் இருக்கிறானா? அவனைக் கேட்க விடுகிறேனா?

வீட்டிலும் சைட்டிலும் படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள்தான் நமக்குக் கட்டியங்காரர்கள். அவர்கள் "எதுக்குப்பா இது?" என்று கேட்டால் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லப் பழகுவோம். பதில் வராவிட்டால், நாம் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

வசனம் குறைப்போம்! அஸ்திவாரம் பலப்படுத்துவோம்!

– இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன், பெண்ணாடம்