வினாவும் ஏவலும்: சி மொழியில் ஒப்புநோக்கும் முறை

தமிழாசிரியருக்குக் கணினி மொழியில் என்ன அலுவல் என வினவுவார் உளர். குறியொன்று குறையின் பொருள் திரிதலும், சொல் இடம் மாறின் ஓசை கெடுதலும் எமது தொழிலுக்கு உரியனவே. ஆதலின் அவற்றையே இம்மலரில் எடுத்துக்கொள்கின்றோம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1972ஆம் ஆண்டளவில் டெனிஸ் ரிச்சி என்பார் வகுத்தது சி மொழி. அதிலே சமக்குறி ஒன்று தனித்து நின்றால் ஏவல். இரண்டு இணைந்து நின்றால் வினா. நீர்த்தொட்டியின் மட்டத்தை 'நீர்' என்னும் மாறியாற் குறிப்போம். நீர் = 0 என்பது 'நீரைப் பூச்சியமாக்குக' என ஏவும். நீர் == 0 என்பது 'நீர் பூச்சியமோ?' என வினவும்.

உரும்பிராய்ச் செம்மண் தோட்டமொன்றிலே, தொட்டி வற்றியதும் நீரிறைக்கும் இயந்திரம் தானே ஓடுமாறு ஒருவர் செய்நிரல் எழுதுகின்றார் எனக் கொள்க. வினவவேண்டிய இடத்தில் அவர் ஒரு குறியை விட்டுவிடின், கணினி அதனைப் பிழையென்று தள்ளாது. மட்டத்தைப் பூச்சியமாக்கிவிட்டு, அவ்வேவலின் பெறுமானமாகிய பூச்சியத்தையே விடையாகக் கொள்ளும். சி மொழியிற் பூச்சியம் 'பொய்' என்பதற்கு நிகர். ஆகவே தொட்டி வற்றினும் இயந்திரம் ஓடாது. மிளகாய்க் கன்று வாடும்.

பாஸ்கல் மொழி கற்றோர்க்கு இவ்விடர் இல்லை; அங்கே ஏவலுக்கு := என வேறு குறி உண்டு. சி மொழிக்கு முன்னோடியாகிய பீ மொழியை வகுத்த கென் தொம்சன், செய்நிரல்களில் ஏவல் வினாவினும் ஏறத்தாழ இருமடங்கு வருதலின் அதன் குறி பாதி நீளமாதல் தகும் எனக் கருதினார். சிக்கனம் நன்றே, அதன் விலையைப் பின்வந்தோர் இறுக்கின்றனர்.

அவ்விலை சிறிதன்று. 2003ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரற் படியொன்றினுள் எவரோ களவாகப் புகுந்து இரண்டு வரிகளைச் செருகினர். பயனாளரின் எண் பூச்சியமோ என வினவுவதுபோல் அவை தோன்றின. உண்மையில் 'பூச்சியமாகுக' என ஏவின. அத்தளத்திற் பூச்சியம் என்பது முழு அதிகாரம் உடையவரின் எண். மூலப்படியோடு ஒத்துப்பார்த்தபொழுது வேறுபாடு வெளிப்பட்டமையால் தீங்கு நேராதொழிந்தது.

இத்தகைய பிழையைத் தடுத்தற்குச் சிலர் மாறாத எண்ணை இடப்புறம் வைத்து, 0 == நீர் என எழுதுவர். ஒரு குறி விடுபடின் 'பூச்சியத்தை நீராக்குக' என்றாகும். அஃது இயலாமையின் தொகுப்பான் உடனே மறுக்கும். ஸ்டார் வோர்ஸ் திரைப்படத்திற் சொற்களை முன்பின்னாக மாற்றிப் பேசும் பாத்திரத்தின் பெயரால் இதனை 'யோடா முறை' என்பர்.

நாம் இதனை முற்றும் உடன்படோம். தமிழிலே 'கண்ணன் முருகனினும் நெடியன்' என்றாலும் 'முருகனினும் கண்ணன் நெடியன்' என்றாலும், உருபு ஒட்டிநிற்றலாற் பொருள் ஒன்றே. எனினும் வினவுங்கால் அறியாததை முன்வைத்தலே இயல்பு. 'பிள்ளையின் உயரம் மூன்றடியோ?' என்பாரன்றி 'மூன்றடி பிள்ளையின் உயரமோ?' என்பார் இலர். மேலும், இருபுறமும் மாறிகள் நிற்பின் இவ்வுபாயம் பயன்படாது. இக்காலத் தொகுப்பான்களோ, எச்சரிக்கைகளை இயக்கிவைப்பின், வினாவின் இடத்து நிற்கும் ஏவலைத் தாமே சுட்டுகின்றன. இயல்பான ஒழுங்கில் எழுதி, அவ்வெச்சரிக்கையைப் புறக்கணியாதிருத்தலே எமது துணிபு.

ஏவலும் வினாவும் வேண்டுமென்றே கூடுமிடமும் உண்டு. நன்னூலார் வினா ஆறனுள் ஏவல் வினாவையும் வைத்தார், 'தம்பி, படித்தாயோ?' என்பது படி என்றே பொருள்படும். சி மொழியிலும் கோப்பிலிருந்து ஓரெழுத்தை வாங்கி, வாங்கிய அதுவே முடிவோ என ஒரே தொடரில் வினவுதல் வழக்கு. அங்கே ஏவலைத் தனி அடைப்புக்குறிக்குள் இடுதல் வேண்டும். படிப்பவர் அது தவறன்று, கருத்தோடு செய்தது என அறிவர்.

எண்ணை இடப்புறம் வைத்தல் மிக அழகாகும் இடம் ஒன்றுண்டு. சாதாரண சித்திக்குரிய புள்ளி 35 முதல் 49 வரை என்க. கணிதப் பழக்கத்தால் 35 <= புள்ளி < 50 என எழுதும் மாணவர் பலர். சி மொழி முதற்பாதியை மட்டும் வினவி, 0 அல்லது 1 என விடைகொண்டு, அவ்விடை 50இனும் சிறிதோ என மீள வினவும். அஃது என்றும் மெய்யே. பூச்சியம் பெற்றவனும் நூறு பெற்றவனும் ஒருங்கே சாதாரண சித்தி எய்துவர். 35 <= புள்ளி && புள்ளி < 50 எனப் பிரித்து எழுதுக; எண்கோட்டிற் புள்ளி இரண்டிற்கும் இடையே நிற்றலைக் கண்ணே கண்டுகொள்ளும்.