நீடாமங்கலம் கேட்டில் ஒரு கணக்கு

சம்பா அறுவடை நேரத்தில் தஞ்சாவூர்–நாகை ரோட்டில் போனவர்களுக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேட் மூடியிருக்கும், சரக்கு ரயில் முன்னும் பின்னும் நகரும். வேகன்களுக்குள்ளே அரவைக்கு வெளி மாவட்டம் போகும் நெல். ஒரு ரேக் என்றால் 42 வேகன், சுமார் 2,000 டன்.

40 கிலோ சிப்பம் என்று வைத்தால் 50,000 மூட்டை. கொள்முதல் நிலையத்தில் லாரியில் ஏற்றி, குட்ஷெட்டில் இறக்கி, வேகனில் அடுக்கி, போகிற ஊரில் மறுபடி இறக்கி... ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு தடவையும் ஒருவர் முதுகில் ஏறுகிறது. இன்டர்மோடல் என்பது இதற்கு நேர் எதிர். சரக்கைத் தொடவே கூடாது. பெட்டி மட்டும் லாரியிலிருந்து ரயிலுக்கும், ரயிலிலிருந்து கப்பலுக்கும் மாறும். கஸ்டம்ஸ் சோதனையும் உள்ளூரிலேயே முடிந்தால் அந்த இடம்தான் ஐ.சி.டி., அதாவது கடல் இல்லாத துறைமுகம். கோவைப் பக்கம் இருகூரில் ஒன்று இருக்கிறது.

அப்படியானால் திருவாரூருக்கும் ஒன்று வேண்டாமா? 1861–62-லேயே நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து திருச்சிக்கு ரயில் பாதை போட்ட ஊர்ப்பக்கம் இது. ஆசை நியாயம்தான். ஆனால் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

2,000 டன் நெல்லை அரைத்தால் 67 சதவீதம், அதாவது 1,340 டன் அரிசி. 20 அடி கன்டெய்னர் ஒன்றில் 25 டன் போட்டால் 54 பெட்டி. ஆனால் ஒரு கன்டெய்னர் ரயில் 45 வேகன், 90 பெட்டி. கேட்டையே மறித்து நிற்கிற அந்த நெல் ரயில், ஒரு கன்டெய்னர் ரயிலில் 60 சதவீதத்தைத்தான் நிரப்பும்! அதுவும் அந்த நெல் ரேஷனுக்குப் போவது, ஏற்றுமதிக்கு அல்ல.

அடுத்தது காலிப் பெட்டி. இங்கே நிரப்ப வேண்டிய கன்டெய்னர் முதலில் சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ சுமார் 300 கி.மீ. வெறுமனே வர வேண்டும். இருகூருக்கு மெஷின், பஞ்சு என்று இறக்குமதி வருகிறது. வந்த பெட்டியிலேயே ஏற்றுமதிச் சரக்கை அனுப்பலாம். நமக்கு பெட்டியில் என்ன வருகிறது?

"பக்கத்திலேயே காரைக்கால் துறைமுகம் இருக்கே" என்பீர்கள். 2009 முதல் இயங்குகிறது. ஆனால் அங்கே முக்கியச் சரக்கு நிலக்கரி. கரி ரயில் திருவாரூர் வழியாக உள்ளே போய்க் காலியாகத் திரும்புகிறது. காலியாகத்தானே போகிறது, அரிசியை ஏற்றினால் என்ன? முடியாது. அது மேல்மூடி இல்லாத வேகன், கன்டெய்னருக்குத் தட்டை வேகன் வேண்டும். ஒரே தண்டவாளம் என்பதால் மட்டும் இணைப்பு வந்துவிடாது.

அரிசியை மட்டும் நம்புவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. அந்த 14 மாதம் அரிசியை மட்டும் நம்பிக் கட்டிய முனையம் எதைத் தூக்கியிருக்கும்?

மப்பேட்டில் 184 ஏக்கரில் பல்முனைய சரக்குப் பூங்காவுக்கு 2022-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த அளவை இங்கே காப்பி அடித்தால் போவது விளைநிலம், அடைபடுவது வடிகால். என் கருத்து, முழு ஐ.சி.டி. திருச்சி போன்ற பெரிய சந்திப்புக்கே பொருந்தும். பல மாவட்டச் சரக்கு அங்கே சேரும். திருவாரூருக்கு இப்போதைக்கு, இருக்கிற குட்ஷெட்டிலேயே கான்கிரீட் தளம், மழை நனையாத கூரை, வாரம் சில பெட்டி. ரயில்வே நிலத்திலேயே சரக்கு முனையம் அமைக்க 2021 டிசம்பரில் வந்த கதிசக்தி கொள்கை இடம் தருகிறது.

சிவில் நண்பர்களே, அந்தத் தளம் லேசுப்பட்ட வேலை இல்லை. பெட்டி தூக்கும் ரீச் ஸ்டாக்கர் காலியாகவே சுமார் 70 டன். பெட்டியைத் தூக்கியதும் எடை பெரும்பாலும் முன் அச்சில் இறங்கும். கீழே நம்ம ஊர்க் களிமண், மழையில் ஊறி கோடையில் வெடிப்பது. மினி ப்ராஜெக்ட் தேடுகிறவர்கள் அந்த மண்ணின் சி.பி.ஆர். மதிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். மற்றவர்கள் ஒரு வாரம் கேட் ஓரம் நின்று, எந்த வேகன் நிறைந்து போகிறது, எது காலியாகத் திரும்புகிறது என்று எண்ணிக் குறித்து வாருங்கள்.