பழைய டிராக்டரின் ஸ்டியரிங் ஆட்டமும் அதனை நீக்கும் முறையும்

நமது வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் வாடகைக்கு விடும் டிராக்டர்களில் வயது முதிர்ந்தவை பல. அங்கத்தினர்கள் சொந்தமாக வைத்திருப்பவற்றிலும் அத்தகையன உண்டு. 1960-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் மெஸ்ஸி பெர்குசன் வண்டிகளுள், பல்லாண்டு உழைத்தும் இன்னும் சேற்றில் இறங்கத் தயங்காதவற்றை நாம் எங்கும் காணலாம். எஞ்சின் நின்றுவிட்டால் அன்றே மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புகிறோம். ஸ்டியரிங் தளர்ந்துபோனால் மட்டும் அனுப்புவதில்லை. தளர்ச்சி ஒரே நாளில் வருவதன்று. மாதத்திற்கு ஒரு நூலளவாக வளர்கிறது. ஓட்டுபவரின் கையும் அதனோடு பழகிப் போகிறது.

இந்தப் பழக்கமே ஆபத்தானது. நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், டிராக்டரின் ஸ்டியரிங் சக்கரத்தைக் கால்வட்டம் திருப்பிய பின்னரே முன்சக்கரம் அசைந்தது. அதனை ஓட்டிவந்த பெரியவரை 'இவர் ஒருவருக்குத்தான் இந்த வண்டி கட்டுப்படும்' என்று அனைவரும் புகழ்ந்தனர். அவர் மகள் திருமணத்திற்காக விடுப்பு எடுத்த வாரத்தில் மாற்றாள் ஒருவர் ஓட்டினார். வாய்க்கால் கரைத் திருப்பத்தில் வண்டி சரிந்து அவருக்குக் கால் முறிந்தது. பின்னால் டிரெய்லரில் ஆட்கள் இல்லாதது நல்லூழ். அந்தச் சங்கத்தின் பதிவேட்டில் டீசல் செலவு லிட்டர் கணக்கில் பிழையின்றி எழுதப்பட்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆட்டம் எவ்வளவு என்பதை முதலில் அளந்து அறிதல் வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களை நேராக வைத்து, எஞ்சினை அணைத்துவிடுக. ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில் ஒரு நூலைக் கட்டி, அதற்கு நேராக ஒரு குச்சியை அசையாமல் நிறுத்துக. முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை மெல்ல ஒருபுறம் திருப்பி ஓர் அடையாளம் இடுக, மறுபுறமும் அவ்வாறே. இரண்டிற்கும் இடைப்பட்ட தூரமே ஆட்டம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 98-ஆவது விதி, இவ்வாட்டம் 30 பாகையை மிஞ்சலாகாது என்கிறது. 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரத்தில் அது விளிம்பில் ஏறத்தாழ பத்தரை சென்டிமீட்டர். இது சட்டம் பொறுத்துக்கொள்ளும் கடைசி எல்லையே அன்றி நல்ல வண்டியின் இலக்கணம் அன்று. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினாலே காரணத்தைத் தேடத் தொடங்கவேண்டும் என்பது நமது கருத்து.

காரணம் ஓரிடத்தில் மட்டும் இருப்பது அரிது. நெசவு அறிந்த அங்கத்தினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மிதிக்கும் விழுதுக்கும் இடையே உள்ள கயிற்றில் ஒவ்வொரு முடிச்சும் சிறிது நெகிழ்ந்தால், கால் முழுதும் இறங்கியும் பாவு இழைகள் சரியாகப் பிரிவதில்லை. எந்த ஒரு முடிச்சையும் குற்றம் கூற இயலாது. எல்லாம் சேர்ந்தே கெடுக்கின்றன. டிராக்டரிலும் இதே நிலைதான். சக்கரத்தின் தண்டு ஸ்டியரிங் பெட்டிக்குள் சென்று பல்லமைப்பைத் திருப்புகிறது. பெட்டியிலிருந்து வெளிவரும் கைகள் நீண்ட கம்பிகளை முன்னும் பின்னும் தள்ளுகின்றன. அக்கம்பிகளின் முனையிலுள்ள பந்து மூட்டுகள் முன்சக்கரத்தின் கைகளைத் திருப்புகின்றன. பழைய மெஸ்ஸி 35 வகையில் பக்கத்திற்கு ஒன்றாக இரு கம்பிகள் உண்டு. வேறு பல வண்டிகளில் ஒரு கம்பி பெட்டியிலிருந்து வர, குறுக்குக் கம்பி ஒன்று இரு சக்கரங்களையும் இணைக்கும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிகளுக்கு இப்பாடம் முழுதும் பொருந்தாது.

ஆட்டம் கண்டவுடன் பலரும் செய்வது, ஸ்டியரிங் பெட்டியின் மீதுள்ள திருகை முடுக்குவது. அத்திருகு கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது; ஆகவே அதன்மேல் பழி விழுகிறது. மூட்டுகளில் உள்ள தேய்மானத்தைப் பெட்டியில் முடுக்கி மறைத்தால், பற்கள் ஒன்றையொன்று அரைத்துக்கொள்ளும். சக்கரம் திருப்பத்திலிருந்து தானே நேருக்கு மீளாது. சில மாதங்களில் பெட்டியையே மாற்ற நேரும். எனவே கீழிருந்து மேலாகச் செல்க, பெட்டி கடைசியில்.

இருவர் வேண்டும். முதலில் முன் டயர்களின் காற்றைச் சமமாக்கி, சக்கர நட்டுகளை இறுக்குக. பின்பு ஒருவர் மேலே அமர்ந்து ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிது சிறிதாக ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மீதும் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டின் ஒருபாதி நகர்ந்து மறுபாதி தாமதித்துத் தொடருமானால் அங்கே தேய்மானம் உண்டு. கண்ணைவிடக் கை இதனை விரைவில் அறியும். பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் இவ்வேளையிலேயே பார்த்துவிடுக. பெட்டி முழுவதுமே அசைவதைப் பல்லின் தேய்மானம் என்று எண்ணிவிடுதல் உண்டு.

அடுத்து முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பிரேக்கைப் பூட்டி, ஒரு பக்கத்து அச்சின் கீழ் ஜாக்கி கொடுத்துத் தூக்கியவுடன் உறுதியான மரக்கட்டையை அடியில் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டியின் அடியில் கை நீட்டலாகாது. டிராக்டரின் முன் அச்சு நடுவே ஊசலாடுவது. தூக்கிய வண்டி எதிர்பாராத பக்கம் சாயக்கூடும். இனி டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுக. சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங் தளர்ந்துள்ளது. சக்கரத்தோடு அதன் தண்டும் சேர்ந்து அச்சில் ஆடினால் புஷ் தேய்ந்துள்ளது. பேரிங்கைச் சரிசெய்தல் சுலபம்: சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டைச் சிறிது கனம் தோன்றும்வரை முடுக்கி, பின்பு பின் துளைக்கு நேராக வரும் அளவு பின்வாங்கி, புதிய ஸ்பிளிட் பின் செருகுக. சக்கரம் தடையின்றிச் சுழலவேண்டும். புஷ் மாற்றுதல் பட்டறை வேலை. அதனை வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்றினால் வளைந்து போகும்.

தேய்ந்த பந்து மூட்டு பழுது பார்க்கத்தக்கதன்று, மாற்றத்தக்கது. பல இடங்களில் மூட்டின் ரப்பர் மூடி கிழிந்திருக்கக் காண்கிறோம். மேற்கூறிய 98-ஆவது விதியே அம்மூடி இருந்தாக வேண்டும் என்கிறது. நடவு வயலின் சேறு உள்ளே புகுந்தால், கிரீஸ் சாணைக்கல்லின் வேலையைச் செய்யும். மாற்றும் முறை வருமாறு. கழற்றுமுன் கம்பியின் இரு முனை மூட்டுகளுக்கும் இடைப்பட்ட நீளத்தை ஒரு பாவு நூலால் அளந்து முடிச்சிட்டுக் கொள்க. ஸ்பிளிட் பின்னையும் நட்டையும் எடுத்தபின், மூட்டு அமர்ந்துள்ள கையின் கண்ணை இருபுறமும் இரு சுத்தியலால் ஒரே வேளையில் தட்டினால், கூம்பு வடிவான தண்டு விடுபடும். மரையின் தலையில் அடித்தல் கூடாது. பழைய மூட்டைத் திருகி எடுக்கையில் எத்தனை சுற்று என்று எண்ணுக. சில முனைகள் இடமுறை மரை உள்ளவை என்பதை நினைவிற்கொள்க. புதியதை அதே சுற்றில் ஏற்றி, முடிச்சிட்ட நூலால் ஒத்துப் பார்த்து, லாக் நட்டை இறுக்கிப் புதிய பின் செருகுக.

முன்சக்கரங்களின் நேர்மையையும் பார்த்தல் அவசியம். இரு டயர்களுக்கும் இடையே, சக்கர மையத்தின் உயரத்தில், முன்புறமும் பின்புறமும் அளந்தால், முன்புற அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருத்தல் வேண்டும். சரியான எண் வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ளது. முன்புறம் அகன்றிருந்தால் வண்டி சாலையில் அலையும்; புதுமூட்டு போட்டும் பயனில்லை என்று நாம் புலம்புவோம்.

இவ்வளவும் முடிந்தபின்னும் ஆட்டம் மிஞ்சினால் பெட்டிக்கு வரலாம். முதலில் எண்ணெய் அளவைப் பார்க்க. கம்பிகளைக் கழற்றிவிட்டு, சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையில் லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சிறிது சிறிதாக முடுக்கி ஆட்டம் நீங்கும் இடத்தில் நிறுத்துக. பற்கள் நடுவிலேயே மிகத் தேய்வன. ஓரங்களில் தேய்வு குறைவு. ஆதலால் நடுவில் சரியாக்கியது ஓரத்தில் பிடித்துக்கொள்ளலாம். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பார்த்து, எங்கேனும் கனத்தால் திருகைப் பின்வாங்குக. நடுவில் ஆட்டமும் ஓரத்தில் இறுக்கமும் ஒருங்கே இருந்தால், அப்பெட்டியின் ஆயுள் முடிந்தது என்க.

செய்யத்தகாதவை சில. வளைந்த கம்பியை உலையில் காய்ச்சி நிமிர்த்துதல், உடைந்த கையை வெல்டிங் வைத்தல், பந்தின் குழியில் பித்தளைத் தகடு செருகுதல், ஸ்பிளிட் பின்னுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி முறுக்குதல். இவற்றை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஒரு மூட்டு வாங்க நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும் என்று செயலாளர் கூறுவதையும் கேட்டிருக்கிறோம். அதுவரை வண்டியை நிறுத்தி வைக்கத் தீர்மானம் தேவையில்லை. சாவியை எடுத்துப் பூட்டினால் போதும். சில்லறைச் செலவுக் கணக்கிலேயே ஸ்பிளிட் பின்களும் ரப்பர் மூடிகளும் வாங்கி வைக்கலாம்.

வேலை முடிந்தபின் வண்டியை முதலில் வெறுங்களத்தில், டிரெய்லர் இன்றி, மெதுவாக ஓட்டுக. பத்து மணி நேர உழைப்பிற்குப் பின் எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பார்த்து, ஆட்டத்தைப் புதிதாக அளந்து, தேதியோடு சென்டிமீட்டர் கணக்கில் லாக் புத்தகத்தில், டீசல் கணக்கிற்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க. மாற்றாள் வண்டியில் ஏறுமுன் அந்த எண்ணை அவரிடம் காட்டுக.