தோட்டமும் பிரஜாவுரிமையும்

விடுதலை பெற்ற நாடு ஒவ்வொன்றும் முதற்கண் விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு. "இந்நாட்டார் யார்?" என்பதே அது. 1948 பிப்ரவரி 4ஆம் நாள் விடுதலை பெற்ற இலங்கை, அவ்வாண்டு முடியுமுன்பே இதற்குச் சட்டத்தின் வாயிலாக விடை கூறிற்று. அந்த விடையால் மலையகத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழர் நாடற்றவர் ஆயினர். என் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். ஆதலின் அச்சட்டத்தைச் சற்று நுணுகி நோக்க விரும்புகிறேன்.

நான் தாவரவியல் பயில்பவன். எனவே ஒரு பூஞ்சணத்திலிருந்து தொடங்குவதை நண்பர்கள் பொறுத்தருள்க. ஆங்கிலேயர் இலங்கையில் முதலில் பெருக்கிய பயிர் காப்பி. காப்பிப் பழம் பறிப்பது சில மாதத்து வேலை. திருச்சி, மதுரை மாவட்டங்களிலிருந்து மக்கள் கடல் கடந்து, கால்நடையாக மலையேறிப் பழம் பறித்துவிட்டு ஊர் திரும்பினர். 1869இல் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் இலைத்துரு நோய் அங்கே தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து விடுவது. சில நாட்களுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும்; குடும்பம் வந்தால் லயத்தில் தொட்டில் ஆடும். இவ்வாறு வந்து போனவர்கள் அங்கேயே வாழ்பவர்கள் ஆயினர். அவர்களை "வந்தேறிகள்" என்று பிற்காலத்தில் பேசிய அரசியல்வாதிகளுக்கு இந்தப் பயிர் நூற் செய்தியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலும்!

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. அன்று வாழ்ந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாவதற்கு அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தை வழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். என் பாட்டனார் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1936இல் பிறந்தவர். அவர் தந்தையாரும் அதே தோட்டத்தில் பிறந்தவர் என்பது எங்கள் வீட்டார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அது மெய்யாயின், சட்டத்தின் சொற்படியே பாட்டனார் இலங்கைப் பிரஜை. ஆனால் காட்டுவதற்குத் தாள் இல்லை. லயத்தில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சீட்டை அரை நூற்றாண்டு காத்து வைக்க வேண்டும் என்று கொழுந்து பறித்தவளுக்கு யார் சொன்னார்கள்?

இக்கடுமைக்குக் காரணம் வாக்குச் சீட்டே என்பது என் கருத்து. 1931இல் அத்தீவில் வயது வந்தோர் வாக்குரிமை வந்தது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது; வேறு சில தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணை நின்றது. ஆளும் கட்சிக்கு இது கசந்தது. கண்டிச் சிங்கள உழவர்க்கும் ஒரு குறை இருந்தது. அவர்தம் மலைநிலங்கள் தோட்டங்களுக்காகப் பறிபோயின. அக்குறை பொய்யன்று. ஆயினும் நிலத்தைப் பறித்தவன் துரை. தண்டம் இறுத்தவன் கூலி. 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தால் பிரஜையல்லாதார் வாக்கும் இழந்தனர். அவ்வாண்டே பதிவு மூலம் பிரஜையாக வழி செய்யும் சட்டமும் வந்தது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக மனுக்கள் குவிந்தன. ஏற்கப்பட்டவர் ஏறக்குறைய 1,34,000 பேரே.

தமிழர் எல்லாரும் ஒன்றாக நின்றனரா? இல்லை. ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இதையும் நாம் மறைக்கலாகாது.

பின்னர் 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 மக்கள், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். கணக்கு மிகத் திருத்தமானது. கணக்கில் வந்தவர்களை ஒப்பந்த மேசைக்கு அழைக்கவில்லை. மோரீசுத் தீவு 1968இல் விடுதலை பெற்றபோது, பீகாரிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குச் சென்ற தொழிலாளி ஒருவரின் மகன் சீவுசாகர் ராம்கூலம் அதன் முதல் பிரதமர் ஆனார் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். தோட்டமும் கூலியும் ஒன்றே, விடைதான் வேறு.

தாயகம் திரும்பியோருக்கு நீலகிரியில் தேயிலைத் தோட்டமும் நம் கேரளத்தில் ரப்பர்த் தோட்டமும் அமைந்தன. புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் 1976இல் தோன்றியது. குளத்துப்புழையும் ஆயிரநல்லூரும் அதன் தோட்டங்கள். கழக்கூட்டத்தில் காலையில் பேருந்து ஏறினால் நண்பகலுக்குள் குளத்துப்புழையில் இறங்கலாம். தமிழ்ச் சங்க நண்பர்கள் ஒருமுறை வந்து பாருங்கள். என் வீடு அங்கேதான்.

பாட்டனார் 1977இல் கப்பலேறினார். கொழுந்து அறிந்த கை பால்வெட்டும் கத்தியைப் பிடித்தது. 2003இல் இலங்கை மற்றொரு சட்டம் இயற்றி, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழியினருக்கும் பிரஜாவுரிமை தந்தது. அச்செய்தியை அவருக்குப் படித்துக் காட்டியவர் என் தந்தையார். "அந்தத் தேதியில் நான் அங்கேதானே இருந்தேன்" என்றாராம் பாட்டனார். பதுளையில் அவருக்கு இந்தியாக்காரர் என்று பெயர். குளத்துப்புழைக் கடைத்தெருவில் இன்றும் அவரைச் சிலோன்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.