பிள்ளைகளும் தலைமைத்துவமும்: கோப்பி விளையும் கிராமங்களிலிருந்து ஒரு பாடம்

தலைமைத்துவம் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது மாணவ தலைவரின் சின்னம்தான். வெள்ளைச் சட்டையில் அதைக் குத்திக்கொண்டு, வாசலில் நின்று பிந்தி வருபவர்களின் பெயரை எழுதும் பிள்ளையே தலைவர் என்று பழகிவிட்டோம். அந்தச் சின்னம் பெரும்பாலும் யாருக்குக் கிடைக்கிறது? நன்றாகப் பேசுகிற, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு. விடுகைப் பத்திரம்கூட இல்லாமல் இடம்பெயர்ந்து வந்து, கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையை யாரும் அந்த வரிசையில் சேர்த்து நினைப்பதில்லை.

இது இப்படித்தான் நடக்கவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டைப் பாருங்கள். அங்கும் மலைச்சரிவுகளில் சிறு காணிகளில் கோப்பி பயிரிட்டுப் பிழைக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். அங்கும் நீண்டகாலப் போரினால் பல இலட்சம் மக்கள் காணி பூமியை விட்டு எழும்பினார்கள். அந்நாட்டின் கிராமப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புகளுக்கும் ஓர் ஆசிரியர், மிஞ்சினால் இருவர். 1970களின் நடுப்பகுதியில் விக்கி கொல்பேர்ட் என்ற அம்மையாரும், ஒஸ்கார் மொகொய்யோன் என்ற கிராம ஆசிரியரும், அவர்களுடன் சேர்ந்து உழைத்தவர்களும், இந்தக் குறையையே வாய்ப்பாக மாற்றும் ஒரு முறையைத் தொடங்கினார்கள். அதன் பெயர் ‘புதிய பாடசாலை’.

அங்கே பிள்ளைகள் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சிறு குழுக்களாக ஒருவரையொருவர் பார்த்தபடி இருப்பார்கள். தாங்களே படித்துச் செல்லக்கூடிய வழிகாட்டி நூல்கள் அவர்களிடம் இருக்கும். முதலில் விளங்கிக்கொண்ட பிள்ளை மற்றப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். கோப்பிப் பழம் பிடுங்கும் காலத்தில் வீட்டுக்கு உதவப்போய்ப் பாடசாலையைத் தவறவிட்ட பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்காக அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்கத் தேவையில்லை. அரிவு வெட்டுக் காலத்தில் எங்கள் பிள்ளைகளின் வரவு எப்படிக் குறைகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

எங்கள் விடயத்துக்கு மிக முக்கியமானது அங்குள்ள பிள்ளைகளின் ஆட்சிமன்றம். தலைவர், உபதலைவர், செயலாளர் ஆகியோரைப் பிள்ளைகளே இரகசிய வாக்களிப்பில் தெரிவு செய்வார்கள். ஆனால் மன்றம் அந்த மூவரோடு நிற்பதில்லை. தோட்டம், நூலகம், சுகாதாரம், விளையாட்டு என்று குழுக்கள் இருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒன்றில் இருக்கும். கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் கன்று வாடும். யாருடைய முறை தவறியது என்று எல்லோருக்கும் தெரியும். பொறுப்பு என்றால் என்னவென்று அதற்குப் பிறகு தனியாக ஒரு பாடம் எடுக்கத் தேவையில்லை.

வகுப்பறைச் சுவரில் சில பெட்டிகளும் உண்டு. ஒன்று ஆலோசனைப் பெட்டி. இன்னொன்று நட்புத் தபாற்பெட்டி. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடிதம் வரும். சண்டை பிடித்தவன் மன்னிப்புக் கேட்டு எழுதலாம், சுகமில்லாமல் வராதிருந்தவளுக்கு விசாரித்து எழுதலாம். வாய் திறந்து சொல்ல வெட்கப்படும் பிள்ளைகள் எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள். இதைவிட எனக்குப் பிடித்தது பயணக் கொப்பி. அது வீடு வீடாகப் போகும். ஊர்க் கதை, கைவைத்தியம், பழைய பாட்டு என்று குடும்பத்தவர்கள் தாங்கள் அறிந்ததை அதில் எழுதி அனுப்புவார்கள். எழுதத் தெரியாத பேத்தியார் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதலாம். அதைப்போலவே பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஊரின் வரைபடத்தையும், எந்த மாதம் எதை விதைப்பது என்ற பயிர்க் கலண்டரையும் தயாரிப்பார்கள். தோட்டக்காரத் தகப்பன் அங்கே ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுப்பவராகிறார்.

இப்படிப் படித்தால் படிப்புக் குறைந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். 1997இல் யுனெஸ்கோ இலத்தீன் அமெரிக்க நாடுகளில் செய்த ஒப்பீட்டாய்வில், கொலம்பியாவின் கிராமப் பிள்ளைகள், மாநகரங்கள் தவிர்ந்த ஏனைய நகரங்களின் பிள்ளைகளைவிட முன்னணியில் நின்றார்கள். அதேவேளை ஒன்றையும் மறைக்கக்கூடாது. 1980களின் பிற்பகுதியில் இந்த முறை அவசரமாகப் பல்லாயிரம் பாடசாலைகளுக்கு விரிந்தபோது, சரியான பயிற்சி கிடைக்காத ஆசிரியர்களின் கையில் அது பெயரளவில் நின்றுபோன இடங்களும் இருந்தன. மன்றம் இருக்கும், கூட்டம் இருக்காது. பெட்டி இருக்கும், கடிதம் இருக்காது. எங்கள் சங்கங்களிலும் காணாததல்ல.

பின்னர் 2000களின் தொடக்கத்தில், போரினால் இடம்பெயர்ந்து படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்காக இதே முறையில் ‘கற்றல் வட்டங்கள்’ தொடங்கப்பட்டன. சிறிய குழு, அதற்கு ஓர் இளம் வழிகாட்டி, அருகில் ஒரு தாய்ப் பாடசாலை. பிள்ளையின் மனம் தேறி, படிப்பும் ஓரளவு பிடிபட்ட பின்னர் அந்தப் பாடசாலையில் சேர்ப்பார்கள்.

புதிதாக வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். போலந்து நாட்டு வைத்தியர் யானுஸ் கோர்சாக், 1912 முதல் வார்சோ நகரில் அநாதைப் பிள்ளைகளின் இல்லமொன்றை நடத்தினார். புதுப் பிள்ளை ஒன்று வந்தால், ஏற்கெனவே இருக்கும் ஒரு பிள்ளை மூன்று மாதங்களுக்கு அதற்குப் பாதுகாவலராக இருக்கவேண்டும். பிணக்குகளைத் தீர்க்கப் பிள்ளைகளே நீதிபதிகளான ஒரு மன்றமும் இருந்தது. அதன் சட்டக்கோவையில் மன்னித்து விடுவதற்கும் வழக்கைத் தள்ளுவதற்குமான பிரிவுகள் மட்டும் 99. கோர்சாக் தானும் அந்த மன்றத்தின் முன் குற்றவாளியாக நின்றிருக்கிறார். 1942 ஓகஸ்டில் நாசிப் படையினர் பிள்ளைகளைக் கொலைமுகாமுக்குக் கொண்டுசென்றபோது, அவர்களை விட்டுப் பிரியாமல் அவரும் கூடவே போனார்.

இவற்றில் எதைச் செய்யவும் பெரிய செலவில்லை. பால்மாப் பேணியில் ஒரு துளை போட்டால் தபாற்பெட்டி. நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும், அது பயணக் கொப்பி. ஆனால் இரண்டு கவனம் வேண்டும். ஆசிரியருக்குத் தேநீர் வாங்கிவருவதும் அவருடைய சைக்கிளைத் துடைப்பதும் குழுவின் வேலையல்ல. பிள்ளைகள் கூடித் தீர்மானித்த வேலையே குழுவின் வேலை. அடுத்தது, ஆலோசனைப் பெட்டியில் வந்த துண்டை வைத்துக்கொண்டு ‘இதை எழுதினது ஆர்?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த கிழமை பெட்டி வெறுமையாகத்தான் இருக்கும்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு முன்னர் உங்கள் அயலவர்களுடன் கூடியிருந்து இவற்றைப் பேசிப்பாருங்கள். எங்கள் பிள்ளை இந்தப் பாடசாலைக்கு வந்த முதல் நாளில் அதற்குப் பக்கத்தில் யார் வந்திருந்தார்கள்? இன்று புதிதாக வரும் பிள்ளைக்குப் பக்கத்தில் எங்கள் பிள்ளை போய் இருக்குமா? வகுப்பில் இதுவரை ஒரு பொறுப்பும் கொடுக்கப்படாத பிள்ளைகள் எத்தனை பேர்? ஊரின் வரைபடத்தைக் கீறச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் எந்த ஊரைக் கீறுவார்கள்: விட்டு வந்ததையா, இப்போது இருப்பதையா? இரண்டையும் கீறட்டும். விட்டு வந்த ஊரின் குளமும் வாய்க்காலும் எங்கே இருந்தன என்று கேட்டு அவர்கள் உங்களிடம் வருவார்கள்.